கோரம் இல்லை

கேணிக்கரை வங்கிக் கிளையில்
மேலாளர் கேட்கிறார்:
அமைப்பு இப்போது இயங்குகிறதா மேடம்?

சேது கடலோரக் கல்லூரிகள் தடகளக் கூட்டமைப்பு.
பாஸ்புக்கில் பெயர் அடங்காமல்
‘கூட்ட’ என்பதோடு நின்றுவிட்டது.
இருப்பு ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தேழு ரூபாய்.
கையெழுத்துப் போட வேண்டிய மூவரில்
ஒருவர் தங்கச்சிமடம் கல்லறைத் தோட்டத்தில்,
ஒருவர் மகனோடு கோலாலம்பூரில்,
மூன்றாவது நான்.

எழுபத்தொன்பதில் ஐந்து கல்லூரிகள் சேர்ந்தன.
தொண்டி, கீழக்கரை, மண்டபம், ராம்நாடு, சாயல்குடி.
முதல் கூட்டம் முழுக்க ஒரே சண்டை,
எந்தக் கிழமை ஓடுவது.
வெள்ளி ஜும்ஆ. ஞாயிறு பூசை.
திங்கள், புதன், சனி படகு போகும் நாள்,
மண்டபத்து அணியில் பாதி கடலில் கிடக்கும்.
வியாழன் தொண்டியில் சந்தை,
மைதானம்தான் சந்தை.
மிஞ்சியது செவ்வாய்.
செவ்வாயோ வெறுவாயோ என்றாராம்
சாயல்குடி வில்வநாதன் சார்.
அதையும் விடாமல் மினிட்டில் ஏற்றியிருக்கிறார்
செயலாளர் சீனி இபுறாம்சா.

எண்பத்தெட்டு, மண்டபம்.
சுண்ணாம்பு வந்து சேரவில்லை.
வலிநோக்கத்திலிருந்து நான்கு மூட்டை உப்பு இறக்கி
எட்டுத் தடம் கோடு போட்டார்கள்.
ஆயிரத்தைந்நூறு மீட்டர் ஓடி முடிவதற்குள்
ஆடுகள் வந்து
ஏழையும் எட்டையும் நக்கிவிட்டன.
மீதி ஆறில் பெண்கள் நூறு மீட்டர்.
நான் மூன்றில். நான்கில் லூர்து ஜெசிந்தா,
பாம்பன்காரி, வெறுங்கால்,
ஸ்பைக்ஸ் என்ற சொல்லை
அன்று காலைதான் கேட்டிருந்தாள்.

கச்சான் முதுகில் அறைந்துகொண்டிருந்தது.
நடுவர் பந்தல் போன திசை தெரியவில்லை.
பன்னிரண்டு புள்ளி ஒன்று
என்றது இயற்பியல் பேராசிரியரின் கடிகாரம்.
உதறிப் பார்த்தார். அதேதான்.
எனக்குப் பன்னிரண்டு புள்ளி ஆறு.

பல்கலைக்கழகம் இரண்டு வரி எழுதியது:
காற்றின் வேகம் குறிப்பிடப்படவில்லை,
சாதனையாக ஏற்க இயலாது.
காற்றுமானி வாங்கத் தீர்மானம்
மூன்று ஆண்டுகள், மூன்று முறை,
ஒருமனதாக நிறைவேறியது.
வாங்கவில்லை.
ஜெசிந்தாவை அதற்குள்
தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்.
நடக்காத ஓட்டத்தில்
நான் இன்னும் இரண்டாவது.

பிறகு சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை.
தொண்டி சந்தா கட்டவில்லை.
ராம்நாடு வேறு பல்கலைக்கழகத்தோடு போய்விட்டது.
ஒரு வருடம் ஊரடங்கு, ஒரு வருடம் புயல்,
ஒரு வருடம் சுழற்கேடயத்தையே காணோம்;
சாயல்குடி விடுதிச் சமையலறையில்
சோற்று அண்டாவுக்கு மூடியாக அகப்பட்டது.

கடைசிப் பக்கம் என் கையெழுத்து.
வந்தோர் இருவர். கோரம் இல்லை.
கூட்டம் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்படுகிறது.
விவரம் தெரியாத யாராவது தமிழாகவே படித்தால்
எல்லாம் நல்லபடியாக முடிந்ததென்று நினைப்பார்கள்.

அப்படியானால் கலைக்கவில்லை, என்கிறார் மேலாளர்,
தள்ளித்தான் வைத்திருக்கிறீர்கள்.
படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.
அதற்குக் கட்டம் இல்லை.

வரவு செலவு நோட்டில் நிலுவை ஒன்று
அவர் கண்ணில்தான் படுகிறது.
உப்பு, நான்கு மூட்டை, ரூபாய் தொண்ணூற்றாறு, பாக்கி.
இதென்ன மேடம்?
ஆடு தின்றுவிட்டது சார் என்கிறேன்.
சிரிக்கிறார்.

முழு உண்மை இல்லை.
முடிவுக்கோட்டில் நான் குப்புற விழுந்தேன்.
மூக்கில், பல்லிடுக்கில், எல்லாம் கோடு.
துப்பிவிட்டு நிமிர்ந்தால்
ஜெசிந்தா நின்றபாடில்லை.
முடிந்துவிட்டது என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை போல,
சவுக்குத் தோப்பு வரைக்கும்
போய்க்கொண்டே இருந்தாள்.

மூலையில் தண்ணீர் கேன் இருக்கிறது மேடம், என்கிறார்,
ஒருமாதிரி இருக்கிறீர்களே.
எழுந்து போய்
இரண்டு டம்ளர் குடிக்கிறேன்.